ஊரைக் கடக்கும் வலசைத் தடங்கள்: பழைய நகரங்களுக்குள் மந்தைப் பாதைகளைக் காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பருவம் மாறும்போது மேய்ச்சல் தேடி மந்தையை ஓட்டிச் செல்வதை வலசை என்கிறோம். அந்த வலசை நடந்த தடம் ஊருக்கு வெளியே கிடக்கும்வரை தரிசு என்று பெயர் பெறுகிறது. ஊருக்குள் நுழைந்துவிட்டால் வெறும் தெரு என்று பெயர் பெறுகிறது. இரண்டு இடத்திலும் அதன் உண்மைப் பெயர் தொலைந்துவிடுவதால்தான் கோட்டையையும் கோயிலையும் சந்தையையும் பாதுகாக்கும் நகரங்கள்கூட, அந்தச் சந்தைக்குக் கம்பளியும் இறைச்சியும் கொண்டுவந்த பாதையைக் கைவிட்டுவிடுகின்றன.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் ஸ்பெயினையும், ஓரளவு தெற்கு இத்தாலியையும் ஆதாரமாகக் கொண்டது. மந்தைப் பாதைக்கென்று தனிச் சட்டமும், அளந்து கல் நடும் முறையும், ஊருக்குள் இன்றும் ஆடு நடக்கும் வழக்கமும் ஒருசேர இருக்கும் நாடு ஸ்பெயின் என்பதே காரணம். மரபுப் பாதுகாப்பில் ஈடுபடுபவர்கள், நகரத் திட்டம் படிப்பவர்கள், தம் ஊர்த் தெரு ஒன்றின் அகலம் ஏன் இவ்வளவு என்று என்றைக்காவது யோசித்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: எதைக் காக்கப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது

மந்தைப் பாதையில் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. கட்டடம் இல்லை, சிற்பம் இல்லை, பல இடங்களில் கல் பாவிய தரைகூட இல்லை. அங்கே இருப்பது ஓர் அகலமும் அந்த அகலத்தில் நடக்கும் உரிமையுமே ஆகும். இடைக்கால ஸ்பெயினின் காஸ்தீல் அரசர் பத்தாம் அல்போன்சோ 1273-ல் மெஸ்தா என்னும் மந்தை உடைமையாளர் பேரவைக்குச் சாசனம் அளித்தார். அந்தப் பேரவை 1836-ல் கலைக்கப்படும்வரை இந்த அகலத்துக்காகத்தான் ஊர்களுடனும் உழவர்களுடனும் வழக்காடிக்கொண்டிருந்தது. முதல்தரப் பாதையான கன்யாதாவின் அகலம் 90 வாரா, அதாவது 75.22 மீட்டர். அடுத்த நிலையில் உள்ள கோர்தெல் 45 வாரா, 37.61 மீட்டர். அதற்கும் அடுத்த வெரேதா 25 வாரா, 20.89 மீட்டர். இவற்றுக்குள் அடங்காத சிறு பாதைகளுக்குக் கொலாதா என்று பெயர். நாடு முழுவதும் இத்தகைய பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர் எனக் கணக்கிடப்படுகிறது.

எழுபத்தைந்து மீட்டர் அகலம் எதற்கு என்ற கேள்வி எழும். மந்தை நடந்துகொண்டே மேயும்; நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர்வரை நகரும் ஆட்டுக்கூட்டத்துக்கு அந்தப் பாதையே தீவனம். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கன்யாதா என்பது ஏழரை ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும்.

ஆனால் ஊருக்குள் இந்தக் கணக்கு மாறுகிறது. இடைக்கால நகரத்தின் மதில் வாயிலில் 75 மீட்டருக்கு இடம் கிடையாது. மந்தை வாயிலுக்கு வெளியே ஓர் அகன்ற வெளியில் தங்கும், பாலத்திலும் வாயிலிலும் நெருக்கிக்கொண்டு கடக்கும், மறுபக்கம் போய் மீண்டும் பரவும். எனவே ஊருக்கு வெளியே காக்க வேண்டியது அகலம், ஊருக்குள் காக்க வேண்டியது தொடர்ச்சி. இரண்டும் சேரும் இடமான ஊர் விளிம்புதான் எப்போதும் முதலில் பறிபோகிறது. தங்கல் வெளி ஒன்று பேருந்து நிலையமாகவோ விளையாட்டரங்கமாகவோ மாறிய பிறகு, உள்ளே இருக்கும் தெருவுக்கு எவ்வளவு அழகாகப் பெயர்ப்பலகை வைத்தாலும் அந்தப் பாதை எங்கிருந்தும் வராது, எங்கும் போகாது. பணமும் ஆளும் குறைவாக உள்ள ஊர், வேறெதையும் விட்டுவிட்டு இந்த விளிம்பிலிருந்து வேலையைத் தொடங்குவது நல்லது.

இரண்டாம் படி: ஆவணத்தில் தேடுவது

நிலத்தில் இறங்குவதற்கு முன் காகிதத்தில் தேட வேண்டும். ஏனெனில் நிலத்தில் நிற்பவர்கள் தங்களுக்குச் சாதகமானதையே காட்டுவார்கள். ஸ்பெயினில் மெஸ்தாவின் ஆவணங்கள் மத்ரித்தில் உள்ள தேசிய வரலாற்று ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் மிகவும் பயன்படுபவை, மெஸ்தா அனுப்பிய ஊர்சுற்றும் நீதிபதிகளின் தீர்ப்புகள். அவர்கள் ஊர் ஊராகச் சென்று, பாதையை யார் உழுதுவிட்டார்கள், யார் வேலி போட்டார்கள் என்று விசாரித்து அபராதம் விதித்தார்கள். ஆக்கிரமிப்பு வழக்கைப்போலப் பாதையை இவ்வளவு நுணுக்கமாக வருணிக்கும் ஆவணம் வேறில்லை: இன்னார் திராட்சைத் தோட்டத்துச் சுவரிலிருந்து இன்ன ஓடைவரை என்று அடி அடியாக எழுதியிருப்பார்கள். பாதை சண்டையில்லாமல் இருந்த இடங்களில் ஆவணம் மெலிந்திருக்கும் என்பதையும் இதே காரணத்தால் எதிர்பார்க்க வேண்டும்.

தெற்கு இத்தாலியில் இதைவிட நல்ல வசதி உண்டு. அரகோன் வம்சத்து அல்போன்சோ 1447-ல் நேப்பிள்ஸ் அரசில் ஆட்டுச் சுங்க அமைப்பை நிறுவினார். அப்ருத்சோ மலைகளிலிருந்து புக்லியா சமவெளிக்கு இறங்கும் மந்தைகள் வரி செலுத்தின. அதற்கு ஈடாக, திராத்தூரோ எனப்படும் 60 பாசோ, அதாவது சுமார் 111 மீட்டர் அகலமுள்ள அரசுப் பாதையும் குளிர்கால மேய்ச்சலும் பெற்றன. பாதை சுருங்கினால் வரியும் சுருங்கும் என்பதால், அவ்வப்போது அரசே மீளளவை நடத்தி எல்லையை நிலைநாட்டியது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த அத்தகைய மீளளவையின் வரைபடத் தொகுப்பு ஃபோஜ்ஜா நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அரசுப் பாதை என்பதன் இத்தாலியச் சுருக்கமான ‘ஆர்.டி.’ என்ற இரண்டெழுத்து பொறித்த எல்லைக் கற்கள் வயல்களில் இன்றும் காணக்கிடைக்கின்றன.

எழுத்தாவணத்துக்கு அடுத்தது வான்படம். ஸ்பெயினில் 1945-46-லும் 1956-57-லும் அமெரிக்க விமானங்கள் எடுத்த படங்களில், இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் வெளிறிய அகன்ற பட்டையாகப் பாதை தெரியும். நகரங்கள் பெருகியதற்கு முந்தைய வான்படம் எந்த நாட்டில் கிடைத்தாலும் அதையும் இன்றைய வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது ஒரு நாள் வேலைதான். ஒரு மாத வாதத்தை மிச்சப்படுத்தும்.

தெருப்பெயர்களைத் தனியே ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். கன்யாதா, கோர்தெல் என்பவை நேரடியான சான்றுகள். தெஸ்கான்சாதெரோ என்றால் தங்கல் வெளி. அப்ரெவாதெரோ என்றால் நீர்த்தொட்டி. கொந்தாதெரோ என்றால் ஆடுகளை ஒவ்வொன்றாகப் போகவிட்டு எண்ணும் நெருக்கமான இடம். நம்மிடமும் இத்தகைய பெயர்கள் உண்டு. சென்னையின் நடுவில் உள்ள மந்தைவெளியை யாரும் மந்தையோடு சேர்த்து நினைப்பதில்லை என்றாலும், பெயர் மட்டும் சான்றாக நின்றுகொண்டிருக்கிறது. கொங்கு நாட்டில் இருபக்கமும் உயிர்வேலி அமைந்து நடுவில் ஆடுமாடும் வண்டியும் போகும் இட்டேரிகள் பல இன்று தார்ச்சாலைகளாகிவிட்டன. ஆனாலும் பெரியவர்கள் வாயில் அவை இட்டேரிகள்தாம்.

மூன்றாம் படி: நடந்து பார்ப்பது

ஆவணம் காட்டிய தடத்தை நடந்து சரிபார்க்க வேண்டும். காரில் போனால் ஒன்றும் தெரியாது. ஊருக்கு ஐந்து கிலோமீட்டருக்கு முன்பே தொடங்கி, ஊரைக் கடந்து மறுபுறம் ஐந்து கிலோமீட்டர்வரை நடப்பது குறைந்தபட்ச அளவு. முடிந்தால், மந்தை ஓட்டிய அனுபவம் உள்ள ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். ஆடு எங்கே தயங்கும், எங்கே விரையும், எந்த மேட்டில் நின்று மேய்ப்பர் பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருப்பார் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும்.

நடக்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை பாதையின் துணைப்பொருள்கள். ஸ்பானியச் சட்டம் தங்கல் வெளி, நீர்த்தொட்டி, இரவுப்பட்டி ஆகியவற்றையும் பாதையின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. நாமும் அப்படியே செய்ய வேண்டும். தொட்டியின் விளிம்புக் கல்லைத் தடவிப் பாருங்கள்: ஆயிரக்கணக்கான கழுத்துகள் உரசிய இடம் வழுவழுப்பாகக் குழிந்திருக்கும், ஆடு எட்டாத பின்பக்க விளிம்பு சொரசொரப்பாகவே இருக்கும். அந்தத் தேய்மானம் ஓர் ஆவணம். புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர் அதைப் பழுது என்று எண்ணிச் சமன்செய்துவிடாமல் இருக்க, படம் எடுத்து, அளவெடுத்து, எழுதி வைத்துவிட வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. யாழ்ப்பாணத்தின் பழைய வழிகளில் சுமைதாங்கி, கேணி, மடம் ஆகியவற்றோடு ஆவுரஞ்சிக் கல்லும் நடப்பட்டிருந்தது. மாடுகள் தினவெடுத்த உடலை உரசிக்கொள்வதற்காகவே நிறுத்திய கல் அது. மனிதருக்குத் திண்ணை, சுமைக்குத் தாங்கி, மாட்டுக்கு உரசுகல் என்று மூன்றையும் ஒரே தருமமாகக் கருதிய வழக்கம் அது. அத்தகைய கல் ஒன்று தனியாக நின்றால் வேலிக்கல் என்று பிடுங்கப்படும். பாதையின் அங்கம் என்று பதிவானால்தான் தப்பும்.

நான்காம் படி: சட்டத்தில் பெயர் ஏற்றுவது

இந்தப் படியே எல்லாவற்றிலும் நீளமானது, சலிப்பானது, இன்றியமையாதது. ஸ்பெயினில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம், தேவையற்றது என்று கருதப்பட்ட பாதைகளை விற்பதற்கு வழிவிட்டிருந்தது. ரயிலும் லாரியும் ஆடுகளை ஏற்றிச் சென்ற காலத்தில் பெரும்பாலான பாதைகள் தேவையற்றவையாகவே தோன்றின. 1995 மார்ச் 23-ஆம் நாளிட்ட 3/1995 எண்ணுள்ள சட்டம் அந்த நோக்கைத் தலைகீழாக்கியது. மந்தைப் பாதைகள் தன்னாட்சி மாநிலங்களின் பொதுச்சொத்து என்றும், அவற்றை விற்கவோ, அனுபவப் பாத்தியதையால் அடையவோ, கடனுக்காகப் பறிமுதல் செய்யவோ இயலாது என்றும் அது அறிவித்தது. மத்ரித் மாநிலம் 1998-ல் தனக்கென ஒரு சட்டமும் இயற்றிக்கொண்டது.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த மூன்று கட்டங்களை எந்த ஊரும் தன் நடைமுறைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம். முதற்கட்டம் வகைப்படுத்தல்: இப்படி ஒரு பாதை உண்டு, இதன் பெயர் இது, அகலம் இவ்வளவு, போக்கு இது என்று அரசு அறிவிக்கும். இரண்டாவது எல்லை வரையறை: அந்த அறிவிப்பை நிலத்தில் பொருத்தி, பக்கத்து நில உடைமையாளர்களை எல்லாம் அழைத்து, ஆட்சேபங்களைக் கேட்டு, கோடு போடும். மூன்றாவது கல் நடுதல்: போட்ட கோட்டை நிரந்தரமாக நிலத்தில் காட்டும். இவற்றில் இரண்டாவதுதான் உயிர்நாடி. முறைப்படி முடிந்த எல்லை வரையறை, நிலப் பதிவேட்டில் தனியார் பெயரில் இருக்கும் பதிவையும் மீறிப் பொது உடைமையை நிலைநாட்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனாலேயே அது எதிர்ப்பையும் வழக்கையும் கிளப்புகிறது. அதனாலேயே பல ஊர்கள் முதற்கட்டத்தோடு நின்றுவிடுகின்றன. வகைப்படுத்தி மட்டும் விட்ட பாதை, பெயர் வைத்துத் தொட்டில் கட்டாத பிள்ளைபோல எல்லாருக்கும் தெரிந்தும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும்.

நகரத்துக்குள் மேலும் ஒரு சிக்கல் உண்டு. பொதுப்பணிக்காகப் பாதையைத் திருப்ப வேண்டியிருந்தால், அதே பரப்பும், மந்தை நடப்பதற்கான தகுதியும், தொடர்ச்சியும் குறையாத மாற்றுத் தடத்தைத் தந்த பிறகே திருப்பலாம் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனை விதிக்கிறது. சாலையோ ரயில்பாதையோ குறுக்கிட்டால் போதுமான மேல்வழியோ கீழ்வழியோ அமைக்க வேண்டும். இந்த நிபந்தனையை நகரின் நிலப்பயன் திட்டத்துக்குள் ஒரு தனி வண்ணப் பட்டையாகவே ஏற்றிவிட வேண்டும். தனி ஆவணமாக இருக்கும் மரபுப் பட்டியலை மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் எழுத்தர் திறந்து பார்ப்பதில்லை. தன் மேசையில் விரிந்திருக்கும் வரைபடத்தையே பார்க்கிறார்.

தமிழ்நாட்டில் மந்தைப் பாதைக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், கிராம நிலங்களைப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் மேய்க்கால், மந்தைவெளி, வண்டிப்பாட்டை என்ற புறம்போக்கு வகைகள் இருக்கின்றன. கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு மாநிலங்கள் அனைத்துக்கும் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ஆம் நாள் பிறப்பித்த ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பும் துணைக்கு நிற்கிறது. நம் ஊர்களில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர், புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் அருகருகே வைத்து இந்தச் சொற்களைத் தேடுவதில் தொடங்கலாம்.

ஐந்தாம் படி: போனது எது, மீட்கக்கூடியது எது என்று பிரிப்பது

அளந்து முடித்ததும் மனம் தளரும். பாதி இடத்தில் வீடு இருக்கும், கால்வாசியில் சாலை இருக்கும். புக்லியா மாநிலம் தன் திராத்தூரோக்களை மூன்று வகையாகப் பிரித்துக் கையாள்கிறது: மரபுச் சின்னமாக முழுமையாகக் காக்க வேண்டியவை, பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை, நிரந்தரமாக மாறிவிட்டதால் விட்டுக்கொடுக்க வேண்டியவை. மூன்றாவது வகை இருப்பதால்தான் முதல் வகைக்கு வலு கிடைக்கிறது என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் மீட்போம் என்று கிளம்புகிறவர்கள் முதல் வழக்கிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தப் பிரிப்பு எவ்வளவு கடினமானது என்பதற்கு மத்ரித்தின் விளிம்பில் உள்ள கன்யாதா ரெயால் கலியானா பாடமாக இருக்கிறது. வடக்கு ஸ்பெயினின் லா ரியோகாவிலிருந்து தெற்கே இறங்கும் அந்தப் பெரும்பாதையின் மத்ரித் பகுதியில், 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலிருந்து வீடுகள் முளைத்தன. முதலில் காய்கறித் தோட்டக் கொட்டகைகள், பிறகு உள்நாட்டிலிருந்து வேலை தேடி வந்தவர்களின் வீடுகள், பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் குடிசைகள் என்று ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குடியிருப்பே உருவாகிவிட்டது. மத்ரித் மாநிலம் 2011-ல் தனிச் சட்டம் இயற்றி அந்தப் பகுதியை மந்தைப் பாதை என்ற நிலையிலிருந்தே நீக்கியது. 2020 அக்டோபரில் அதன் சில பகுதிகளில் மின்சாரம் நின்று, குழந்தைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் இருட்டிலும் குளிரிலும் தவித்தனர். இவ்வளவு ஆகியபின் 75 மீட்டரை மீட்பதைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. ஏழைகளின் வீட்டை இடித்து ஆட்டுப் பாதையை மீட்கும் திட்டம் ஆட்டுக்காரர்களுக்கே நல்லதன்று. வேலி போட்டு வைத்திருக்கும் பண்ணையும், வாகன நிறுத்தமாக்கிய வணிக வளாகமும் முதலில் கணக்குத் தரட்டும்.

ஆறாம் படி: தரை, மரம், தண்ணீர்

பாதை மீட்கப்பட்டதும் நகராட்சிக்கு முதலில் தோன்றுவது கருங்கல் பாவுவதும், வெண்கல ஆடு ஒன்றை நிறுத்துவதும்தான். வெண்கல ஆட்டால் தீமை இல்லை. மெருகேற்றிய கருங்கல்லால் உண்டு. ஈரத்தில் குளம்பு வழுக்கும். ஊருக்கு வெளியே மண்ணும் புல்லுமாக விட்டுவிடுங்கள், அதுதான் மலிவு. ஊருக்குள் கல் வேண்டுமென்றால் சொரசொரப்பாகக் கொத்திய சிறு கற்களைப் பதியுங்கள்.

ஆடு கண்ணால் நடக்கும் பிராணி. வெயிலிலிருந்து திடீரென்று இருண்ட சுரங்கப்பாதைக்குள் போகாது. பளபளக்கும் வடிகால் கம்பியைக் கண்டால் தலைமை ஆடு நின்றுவிடும், பின்னால் வருபவை அதன்மேல் ஏறும். எனவே கீழ்வழி அமைத்தால் மறுமுனை வெளிச்சம் இந்த முனையிலிருந்து தெரியும்படி நேராகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். வடிகால் மூடிகளின் இடைவெளி குளம்பு சிக்காத அளவில் இருக்க வேண்டும். மந்தை வரும் நாளில் அவற்றின்மேல் மண்ணோ வைக்கோலோ பரப்பினால் போதும்.

மர வரிசைகளை நடலாம். மந்தையின் நடையைத் தடுக்காதவரை சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் எதை நடுகிறோம் என்பதில் கவனம் தேவை. தெற்கு ஐரோப்பிய நகரங்களின் சாலை நடுப்பட்டைகளில் அழகுக்காக அரளி நிறைய நடுகிறார்கள். அரளி ஆட்டுக்கும் மாட்டுக்கும் நஞ்சு என்பது நம் ஊரில் சிறுவர்களுக்கும் தெரியும். நகராட்சித் தோட்டப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்தால்தான் தெரியும். வெள்ளாடு கூட வந்தால் எட்டும் உயரத்தில் உள்ள எந்தப் பூஞ்செடியும் மிஞ்சாது என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடலாம்.

தண்ணீர்க் கணக்கு எளிது. வெயில் நாளில் நடக்கும் செம்மறிக்கு ஐந்து லிட்டர் என்று கொண்டால், ஆயிரம் ஆட்டுக்கு ஐயாயிரம் லிட்டர். பழைய தொட்டியில் மீண்டும் நீர் ஓடவிடுவதுதான் இந்த முழு வேலையிலும் மனத்துக்கு நிறைவு தரும் பகுதி. தொட்டி காய்ந்து பூந்தொட்டியாகிவிட்டிருந்தால், முதலில் மண்ணை அள்ளுங்கள்.

ஏழாம் படி: மந்தையை ஊருக்குள் நடத்துவது

மத்ரித் நகரம் 1994 முதல் வலசை விழாவை நடத்திவருகிறது. வழக்கமாக அக்டோபரில் ஒரு ஞாயிறன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெரினோ செம்மறிகள் காசா தெ காம்போ வெளியிலிருந்து புறப்பட்டு, பெருந்தெருவில் ஏறி, புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தைக் கடந்து, அல்கலா தெருவில் இறங்குகின்றன. முன்னால் கழுத்தில் பெரிய மணி கட்டிய காயடித்த கிடாய்கள் நடக்கும். மேய்ப்பர் கையிலேயே வளர்ந்தவை, கூப்பிட்டால் வரும். அவை போகும் வழியில்தான் மந்தை போகும். நகரமன்றத்தின் முன்னே மேய்ப்பர்கள் ஆயிரம் ஆட்டுக்கு 50 மரவெதி (பழைய ஸ்பானிய நாணயம்) என்ற பழைய வரியைச் செலுத்துகிறார்கள். அது மத்ரித் நகரத்துக்கும் மெஸ்தாவுக்கும் 1418-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின் விகிதம்.

இதை வேடிக்கை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்த வரி வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நடக்கும் உரிமை பயன்படுத்தப்பட்டு, நகரமும் அதைப் பெற்றுக்கொண்டு ஒப்புக்கொள்வது வேடிக்கையன்று. ஆண்டுக்கு ஒரு நாளாவது பாதையில் மந்தை நடந்தால், அன்றைக்காவது அடைபட்ட இடம் எது என்று அனைவர் கண்ணிலும் படும். யுனெஸ்கோ 2019-ல் ஆஸ்திரியா, கிரீஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் வலசை வழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும், 2023-ல் ஸ்பெயின் உள்ளிட்ட மேலும் ஏழு நாடுகளுக்கு அதை விரிவாக்கியபோதும், அங்கீகாரம் பெற்றது கல்லும் மண்ணும் அல்ல, நடக்கும் வழக்கம்தான்.

ஏற்பாடு செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கால்நடை மருத்துவரின் சான்றும் இடம்பெயர்வு அனுமதியும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். மந்தையை முந்தைய இரவே ஊர் விளிம்பில் தங்கவைத்து, மேய்ந்து நீர் குடித்து அமைதியான பிறகு காலையில் நடத்த வேண்டும். பக்கத் தெருக்களின் வாய்களை ஆள் நிறுத்தி அடைப்பது போதுமானது; இரும்புத் தடுப்பு சத்தம் எழுப்பி மிரட்டும். பார்வையாளர்களின் நாய்கள் கட்டப்பட்டிருக்க வேண்டும். பட்டாசும் பேண்டு வாத்தியமும் மந்தை கடந்த பிறகே. புழுக்கையைக் கூட்டி அள்ளும் வண்டியைக் கடைசியாக அனுப்பி, அள்ளியதை நகரப் பூங்காவுக்கே கொடுத்துவிடுங்கள். வயலில் கிடை போட்டு எருவுக்குக் கூலி வாங்கும் நம் கீதாரிகள் இதைப் பார்த்தால், இவ்வளவு எருவை இலவசமாகவா கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

எட்டாம் படி: மேய்ப்பருக்கும் ஊர்க்காவலுக்கும் இடையே எழுத்துப்பூர்வமான உடன்பாடு

இதைத் தனிப் படியாக வைப்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. இத்தாலியின் மொலீசே பகுதியில் சேப்பினும் என்ற உரோமானிய நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. பெஸ்காசெரோலியிலிருந்து காந்தெலாவரை 211 கிலோமீட்டர் நீளும் திராத்தூரோ, அந்த நகரத்தின் ஊடாகவே போகிறது. நகரின் முதன்மைத் தெருவே மந்தைப் பாதைதான். போயானோ வாயிலில் நுழைந்து, பொதுமன்றத்தின் ஓரமாக நடந்து, பெனெவெந்தோ வாயிலில் வெளியேறலாம். அதன் அரங்கத்தைச் சுற்றிப் பிற்காலத்தில் எழுந்த உழவர் வீடுகளும் அப்படியே நிற்கின்றன.

அந்தப் போயானோ வாயிலில் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பேரரசருக்குச் சொந்தமான ஆட்டுமந்தைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் முறையிடுகிறார்கள்: சேப்பினும், பொவியானும் ஆகிய இரு ஊர்களின் அதிகாரிகளும் காவலர்களும் மேய்ப்பர்களைத் தப்பியோடிய அடிமைகள் என்றும், ஓட்டிவருவது திருட்டுக் கால்நடை என்றும் சொல்லிப் பிடித்துவைக்கிறார்கள், அந்தக் குழப்பத்தில் பேரரசரின் ஆடுகள் காணாமல் போகின்றன. இந்தத் தொல்லை நிற்க வேண்டும் என்று பேரரசின் தலைமைக் காவல் அதிகாரிகள் ஊர் நிர்வாகத்தை எச்சரித்த கடிதம், ஊர் வாயிலிலேயே வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் தினமும் படிக்கட்டும் என்று எண்ணியிருப்பார்கள்போலும்.

ஊருக்குள் வரும் மேய்ப்பரைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண் இன்றும் மாறவில்லை. எனவே உடன்பாட்டில், எந்த நாள்களில் மந்தை வரலாம், எங்கே தங்கலாம், நீருக்கு யார் பொறுப்பு, பயிர் சேதமானால் யார் மதிப்பிடுவது, ஆடு காணாமல் போனால் யாரிடம் சொல்வது, காவலர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பவை அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் ஒரு படி மேய்ப்பரின் பையிலேயே இருக்க வேண்டும். நகராட்சிக் கோப்பில் தூங்கும் படியால் நடுவழியில் நிற்பவருக்குப் பயனில்லை.

ஒன்பதாம் படி: ஆண்டுதோறும் எல்லை பார்ப்பது

சுவர் ஒரே நாளில் நகர்வதில்லை. முதலாண்டில் ஒரு வரிசைச் செடி, அடுத்த ஆண்டில் கம்பி, மூன்றாம் ஆண்டில் செங்கல். நட்ட கற்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றின் ஆயத்தொலைவையும் பதிவேட்டில் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை மந்தை வரும் வாரத்துக்கு முன் முழுப் பாதையையும் நடந்து சரிபார்க்க வேண்டும். நடப்பவர்களில் நகராட்சி அளவையர் ஒருவர், மேய்ப்பர் ஒருவர், பாதையோரம் குடியிருப்பவர் ஒருவர் இருப்பது நல்லது. நடைபயணிகளும் மிதிவண்டிக்காரர்களும் குதிரைக்காரர்களும் பாதையைப் பயன்படுத்தச் சட்டம் இடம்கொடுப்பதால், கல் காணாமல் போனால் முதலில் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் சொல்வதற்கு ஒரு தொலைபேசி எண்ணைக் கல்லின்மேலேயே பொறித்துவிடுங்கள்.

மந்தை வந்த நாளில், ஊரின் பழைய எண்ணும் இடத்தில் ஆடுகளை ஒவ்வொன்றாகப் போகவிட்டு எண்ணி, தேதியோடும் மேய்ப்பரின் கையொப்பத்தோடும் அதே பதிவேட்டில் எழுதுங்கள். பாதையை யாரும் பயன்படுத்துவதில்லை என்று நாளை ஒரு வழக்கறிஞர் வாதிடும்போது, நீதிமன்றத்தில் நீட்ட வேண்டிய தாள் அதுதான்.